அண்ணியின் டிஸ்குகளுக்குப் பொட்டு வைத்த நாள்

கறுப்பாக, சதுரமாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு பிளாப்பி டிஸ்க். அதன் உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய பழுப்புத் தகடு அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியே தெரியும். கம்ப்யூட்டர் எழுதுவதும் படிப்பதும் அந்த இடத்தில்தான். விரல் படக் கூடாது, தூசி படக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது என்று அண்ணி எங்களை மிரட்டி வைத்திருந்த இடம் அது. சரியாக அந்த இடத்தில், இன்னும் ஈரம் காயாத சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஒன்றில் இரண்டில் அல்ல, சாமி மேடையில் வரிசையாகப் பரப்பியிருந்த அத்தனை டிஸ்கிலும்! நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பதறும் குணம் உண்டு. கதவு படாரென்று சாத்தினாலே நெஞ்சில் கை வைப்பேன். அப்படிப்பட்டவள் வாழ்ந்த வீட்டுக்குத்தான் இந்த அண்ணி மருமகளாக வந்தார். எங்கள் அப்பா செமோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். அவர் இறந்த பிறகு தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டு, செமோரிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடொன்றுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா, அண்ணன், நான். அண்ணன் லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், மெக்கானிக். நான் ஈப்போவில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் வைக்கிறவள். அண்ணியோ யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று இவர் சொன்ன அன்றைக்கு அந்த வீட்டுக் கதவு மூடியது. பிறகு திறக்கவே இல்லை.

கல்யாணம் முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்தபோது அவர் கொண்டு வந்தது இரண்டு பெட்டி. ஒன்றில் துணி. இன்னொன்றை அண்ணனும் டாக்சிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். அது கம்ப்யூட்டர். ஈப்போவில் ஒரு மாடிக்கடையில் ஒரு சீனர் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. தன் சம்பளத்திலேயே அண்ணி வாங்கியிருக்கிறார். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா அந்தத் திரையைப் பார்த்துவிட்டு என் காதில், "டீவி இருக்கிற வீட்டுக்கு எதுக்குடி இன்னொரு டீவி?" என்றார். அது டீவி இல்லை, அதில் படம் வராது, எழுத்து மட்டும்தான் வரும் என்று தெரிந்தபோது அம்மாவின் முகத்தில் வந்த அதிர்ச்சியை நான் எப்படிச் சொல்ல! பொண்ணுக்குப் புத்தி சரியில்லையோ என்றுகூட அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

அதோடு அம்மா அண்ணியிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் கிடையாது. அந்தக் குடும்பம் நம்மைக் கேவலமாக நினைத்தது என்ற கோபத்தை அம்மா இந்தப் பெண்மேல் இறக்கி வைத்தார், அவ்வளவுதான். "உங்க அண்ணி சாப்புடுதான்னு கேளு" என்பார் என்னிடம். அண்ணி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். "பிறகு சாப்பிடுறன் எண்டு மாமியிட்டைச் சொல்லும், மச்சாள்" என்பார் அவர். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் தந்தி அடித்தே என் பொழுது போனது. இது ஒரு மாதமில்லை, இரண்டு தீபாவளிக்கும் மேலே நீண்டது.

அண்ணி அந்தக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் அழகு தனி. கொண்டையில் திருப்புளியைச் செருகிக்கொண்டு பெட்டியின் மூடியைக் கழற்றிவிடுவார். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள். எங்கள் வீட்டில் எறும்புத் தொல்லை அதிகம். பெட்டியின் வெதுவெதுப்புக்கு ஆசைப்பட்டு ஒருமுறை டிஸ்கைச் செருகும் டிரைவுக்குள்ளேயே கூடு கட்டிவிட்டன. முட்டையும் குஞ்சுமாக அண்ணி அவற்றைத் தூரிகையால் வெளியே தள்ள, நான் அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். திரை இருண்டு போனால் உள்ளே செருகியிருக்கும் பச்சை அட்டைகளை உருவி, அதன் பித்தளை விளிம்பைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடியும் செருகுவார். உயிர் வந்துவிடும். அப்பா சீவின பால் எங்கெல்லாம் போய் உதவுகிறது பார் என்று அண்ணன் சிரிப்பான். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொள்வார்.

பிறகு ஈய விலை விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பம் லம்பமாக மூடினார்கள். அண்ணனுடைய லம்பமும் மூடியது. காலையில் வேலைக்குப் போனவன் மத்தியானமே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். கொஞ்ச காலம் அலைந்துவிட்டு, சித்தியவானுக்குப் போய் அங்கே கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் நாள் கூலிக்குச் சேர்ந்தான். உயரத்தில் கட்டின சாரத்தின் மேல் நின்று செய்கிற வேலை, கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் தொழிற்சாலையிலும் ஆட்களைக் குறைத்து வேலை நேரத்தையும் சுருக்கிவிட்டார்கள். வீட்டில் அரிசிப் பானை அண்ணியின் சம்பளத்தில்தான் கொதித்தது. அந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கே வழியில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

அண்ணி வேலை பார்த்தது ஈப்போவில் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில். அங்கே நோயாளிகளின் அட்டைகளைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சமிருந்ததை எல்லாம் அண்ணி ஒரு வருஷமாகத் தட்டித் தட்டி டிஸ்குகளில் ஏற்றியிருந்தார். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டாயிற்று, எல்லாம் அதில்தான். ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு நகல் உண்டு. ஒரு வரிசை கிளினிக்கில் இருக்கும், நகல் வரிசை எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு வார இறுதியில்தான் மீறினார்.

காரணம் ஹார்ட் டிஸ்க். டாக்டர் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். செங்கல் கனத்தில் மூடின இரும்புப் பெட்டி. பிளாப்பிகள் அத்தனையும் அதற்குள் அடங்கிவிடுமாம். ஆனால் பழைய சிஸ்டத்தின் கண்ணுக்கு அந்தப் பெட்டி தெரியாது. சிஸ்டத்தைப் புதுப்பித்து, ஹார்ட் டிஸ்கைப் பூட்டி, எல்லாவற்றையும் அதில் ஏற்றித் திங்கட்கிழமை காலையில் கொண்டு வருகிறேன் என்று சொல்லி, கிளினிக்கின் டிஸ்குகளை அண்ணி வீட்டுக்கு எடுத்து வந்தார். ஏற்றினதைச் சரிபார்க்க நகல் வரிசையும் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆயுத பூசை.

காலையில் பார்த்தால் ஒரு கேபிள் பொருந்தவில்லை. மாடிக்கடைச் சீனரிடம் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணி பஸ் ஏறிவிட்டார். எனக்கு அன்றைக்கு அபூர்வமாக ஓவர்டைம் கிடைத்திருந்தது. மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் சந்தித்து, பேசிக்கொண்டே வீடு வந்தோம். வாசலில் மாவிலை, ஊதுவத்தி வாசனை. உள்ளே காலெடுத்து வைத்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் முதுகில் போய் மோதினேன்.

சாமி மேடையில் அப்பாவின் மரம் சீவும் கத்தி எப்போதும் நடுவில் இருக்கும். அன்றைக்கு அது ஓரத்துக்குப் போயிருந்தது. அண்ணன் வீட்டில் விட்டுப்போன ஸ்பேனர்கள் இன்னொரு ஓரம். நடுநாயகமாக அண்ணியின் டிஸ்குகள்! காகித உறைக்குமேல் பொட்டு வைத்தால் சாமிக்குச் சேராது என்று அம்மா ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவியிருக்கிறார். கறுப்புச் சதுரத்தில் எங்கே வைப்பது என்று தேடி, திறந்திருந்த அந்த ஒரே இடத்தைப் பார்த்து, அதுதான் நெற்றி என்று முடிவு செய்திருக்கிறார். ஹார்ட் டிஸ்கில் பட்டையாக விபூதி. கம்ப்யூட்டர் திரைக்குச் சாமந்தி மாலை. ஊதுவத்தியை வாழைப்பழத்தில்தான் குத்தியிருந்தார். டிரைவின் வாயில் செருகாமல் விட்டது நாங்கள் செய்த புண்ணியம்.

"வாம்மா, வா" என்றார் அம்மா. அண்ணியைப் பார்த்து! நேராக! "கைகாலு கழுவிட்டு வந்து கும்புடு. எல்லாத்துக்கும் வச்சிட்டேன்லா. பீரோவுல ஒரு டின்னுல ஒளிச்சி வச்சிருந்தியே, அதையும் விடல."

நகலும் போயிற்று. என் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாமியார் முதல்முறையாக வாயைத் திறந்து வாம்மா என்று அழைக்கிறார், அழைத்த வாயோடு வேலைக்கு உலை வைத்தாயிற்று என்றும் சொல்கிறார். எதற்கு அழுவது, எதற்குச் சிரிப்பது? அண்ணி கைகால் கழுவி வந்தார். அம்மா காட்டிய சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சந்தனமோ நிமிஷத்துக்கு நிமிஷம் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தால் மாவாகும். அந்த மாவோடு டிஸ்கை உள்ளே விட்டால் தகடும் கீறும், படிக்கிற முனையும் தேய்ந்து டிரைவே கெட்டு ரோசாக் ஆகிவிடும்.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு கோயிலுக்குக் கிளம்பியதும் அண்ணி என் கையைப் பிடித்தார். "மச்சாள், கத்தரிக்கோல் கொண்டு வாரும்" என்றார். கத்தரிக்கோல் எதற்கு என்று நான் கேட்கக்கூட இல்லை. சாமி மேடையின் முன்னால் போய் நின்று, கைகூப்பி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கிளினிக்கின் வரிசையை மட்டும் பொறுக்கி எடுத்தார். நகல் வரிசையைத் தொட மனம் வரவில்லை போலும். குளியலறைத் தரையில் உட்கார்ந்து, டிஸ்கின் கறுப்பு உறையையே ஓரமாக வெட்டினார். ஐயோ, வெட்டுகிறாரே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து பழுப்புத் தகடு வழுக்கி வெளியே வந்தது. எவ்வளவு மெல்லிசு! ஒருமுறை டாக்டர் கோப்பியைக் கொட்டியபோது மாடிக்கடைச் சீனர் சொல்லிக் கொடுத்த வைத்தியமாம் இது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புக் கலந்து, தேய்க்காமல் அலசி, நிழலில் காயவைத்து, புது டிஸ்கின் உறையைப் பிரித்து அதற்குள் போட வேண்டும். அண்ணி தகட்டை விளிம்பில் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார். வாளித் தண்ணீர் சிவந்தது.

"அடிப்பாவி!"

அம்மா குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அர்ச்சனைத் தட்டை மறந்து வைத்துவிட்டுப் போனவர், அதை எடுக்கத் திரும்பியிருக்கிறார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"குங்குமத்த அழிக்கிறியாடி? பூச நாளும் அதுவுமா? அங்க என் புள்ள கப்பல்மேல ஏறி நிக்கிறான். இங்க நீ குங்குமத்தத் தண்ணில கரைச்சி ஊத்துற! நான் வச்சது உனக்கு அவ்ளோ கேவலமா போச்சா?"

இதற்கு அண்ணி என்ன சொல்ல முடியும்? கேவலமில்லை என்றால், பிறகு ஏன் கழுவுகிறாய் என்பார். உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்து போவார். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி இந்தப் பெண் தப்பித்துக்கொள்ளக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். அண்ணி எழுந்து நின்றார். ஈரக்கையில் தகடு சொட்டிக்கொண்டிருந்தது.

"கேவலமில்லை, மாமி. இதைக் கழுவாட்டி உள்ளுக்குள்ளை இருக்கிற எல்லாம் போயிடும். நாளைக்கு என்ரை வேலையும் போயிடும்."

"நான் வச்ச பொட்டாலயா?"

"ஓம், மாமி."

அவ்வளவுதான். இல்லை என்று ஒரு பூச்சுப் பூசவில்லை, தெரியாமல்தானே செய்தீர்கள் என்று ஒரு ஆறுதல்கூடச் சொல்லவில்லை. அம்மா விறுவிறுவென்று உள்ளே போனார். அண்ணியின் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கப்போகிறார் என்றே நான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் பூசைத் தட்டு. அதில் நகல் வரிசை முழுவதும் இருந்தது. மறுபூசைக்கு முன்னால் ஒரு ஊசியைக்கூட எடுக்கவிடாத என் அம்மா, தானே எடுத்து வந்திருக்கிறார்! தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு டிஸ்கிலிருந்து காயாத குங்குமத்தை மோதிர விரலால் வழித்தார். அதை அண்ணியின் நெற்றியில் வைத்தார். அடுத்த டிஸ்கிலிருந்து வழித்து, மறுபடியும் அதே நெற்றியில். இப்படியே ஒவ்வொன்றாக. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசியில் நெற்றி முழுக்க ஒரே சிவப்பு.

"அழிக்கல. இடம் மாத்திட்டேன்" என்றார் அம்மா, சாமியிடம் சொல்கிற மாதிரி. பிறகு சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு வாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்புடிப் புடிக்கணும், காட்டு."

தகடுகளைச் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினோம். மின்விசிறிக் காற்றுக்குக்கூட அண்ணி பயந்தார். அண்ணி ஹார்ட் டிஸ்கைப் பூட்டினார். காய்ந்ததை, கையிலிருந்த புது டிஸ்குகளின் உறைக்குள் மாற்றி மாற்றிப் போட்டு, அந்தி சாய்வதற்குள் ஒவ்வொன்றாக டிரைவில் விட்டு அதில் ஏற்றினார். டிரைவ் உறுமும், திரையில் எழுத்து ஓடும், அண்ணி தலையை ஆட்டுவார், அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். சிலது படிக்காது. அதன் நகல் படித்துவிடும். ஆனால் ஒரே ஒரு டிஸ்க், மூலமும் படிக்கவில்லை, நகலும் படிக்கவில்லை. மறுபடியும் அலசிப் பார்த்தார், வேறு உறைக்கு மாற்றிப் பார்த்தார், டிரைவின் முனையைத் துடைத்தும் பார்த்தார். டிரைவ் உறுமி உறுமி, படிக்க முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது என் கைப்பேசி யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. நான் எடுக்கும் படமெல்லாம் எங்கோ ஆகாயத்தில் பத்திரமாக இருக்கிறதாம். அண்ணி இதை நம்புவதில்லை. தலை முழுக்க நரைத்த பிறகும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் என் மடிக்கணினியைத் திறந்து, ரெண்டு இடத்திலை வைச்சிருக்கிறீரா என்றுதான் கேட்பார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பேன். அன்றைக்கு அந்த ஒற்றை டிஸ்கில் போனவர்கள் யார் யாரோ, அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து என்னவோ. அதை எண்ணி அண்ணி அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணி கிளம்பும்போது அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையில் தயாராக நின்றார்.

"நீங்கள் வர வேண்டாம், மாமி. நான் சொல்லிக்கொள்ளுறன்."

"நீ என்ன சொல்லுவ? நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லுவ. செஞ்சது நானு. நான்தான் வரணும்."

தோட்டத்தில் சம்பள நாளில்கூட ஆபீஸ் வாசலுக்கு வெளியிலேயே நின்று பழகியவர் என் அம்மா. பஸ்ஸில் வழி முழுக்க முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தார். நானும் கூடப் போனேன்.

டாக்டர் மேசையில் ஹார்ட் டிஸ்கை அண்ணி வைத்தார். ஒரு டிஸ்க் அழிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டரின் முகம் சிவந்தது. எப்படி அழியும், நகல் எங்கே, யார் தொட்டது என்று அடுக்கினார். என் கவனக்குறைவுதான் என்றார் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. குனிந்த தலையைப் பார்த்தே புரிந்துகொண்டார். எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"புக்கான் டியா. சாயா" என்றார் மலாயில், அவளில்லை, நான் என்று. அதற்குமேல் மலாய் வரவில்லை. தமிழிலேயே கொட்டினார். "இவ என் மருமக. எங்க வீட்டுல இப்ப இவ கைதான் எல்லாருக்கும் சோறு போடுது. எங்க வீட்டுக்காரரு கத்திக்கு வருசா வருசம் பொட்டு வச்சேன், இவளோட கத்தி எதுன்னு இந்த வருசந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி. தேடித் தேடி வச்சேன், ஐயா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் அண்ணியைப் பார்த்துக் கேட்டார். அண்ணி வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அந்தக் குளியலறையில் கலங்காதவர், பெட்டியைத் திறந்து எறும்புக் கூட்டையே கலைத்தவர், அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே நின்றார். கடைசியில் நான்தான் என்னுடைய தொழிற்சாலை ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

பட்டை விபூதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புப் பெட்டியை டாக்டர் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். போன பெயர்களை நோயாளிகள் வர வரக் கேட்டு மறுபடியும் ஏற்று என்றார். பிறகு, அடுத்த வருஷம் இந்தப் பெட்டிக்கு மட்டும் வைக்கச் சொல், பிளாப்பிக்கு வேண்டாம் என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார். "என்னடி சொல்றாரு? வேலைய விட்டு எடுத்துட்டாரா?"

எனக்கு முன்னால் அண்ணிக்குக் குரல் வந்துவிட்டது. "இல்லை, மாமி. அடுத்த வருசமும் பொட்டு வைக்கட்டாம்."

அம்மா அங்கே நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.